டயர்களுக்கு மருந்தடிப்பவன்

கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
பறவைக் காய்ச்சல் காலத்தில் எனக்குக் கிடைத்த வேலை
டயர்களைக் குளிப்பாட்டுவது.
முட்டை வண்டி, தீவன வண்டி,
காலிக் கூண்டுகளோடு இறகு பறக்கத் திரும்புகிற வண்டி,
நாலு சக்கரமோ பத்துச் சக்கரமோ.
முதுகில் டேங்க், கையில் குழல்,
தண்ணீரில் விழுந்ததும் பாலாய்த் திரிகிற மருந்து.
கிருமி எல்லை தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

என் பேன்ட் மட்டும்
தினமும் அந்த வாசனையோடு வீடு வரும்.
கழற்றிப் போட்டால்
ரசீது அதன்மேல் படுத்துக்கொள்வாள்.

ரசீது எங்கள் பூனை.
சாவடி மேஜையில், கிழிக்காத ரசீதுப் புத்தகத்தின்மேல்
கண் திறக்காத குட்டியாய்க் கிடந்தவள்.
யார் வைத்தார்கள் என்பதற்கு
எந்தப் பதிவும் இல்லை.

அன்று இரவு ஒன்பதரைக்கு
அவள் வாயோரம் நுரை.
பின்னங்கால்கள் இரண்டும்
வேறு வேறு ஊருக்குக் கிளம்பியவை போல இழுத்தன.
காதோரத் தோல் தனியே துடித்தது.
தவளையைக் கடித்திருப்பாள் என்றேன்.
கனகமணி அவளைத் தூக்கிப்
பாதத்தை முகர்ந்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"உங்க வாசம்" என்றாள்.

போனில் கொழிஞ்சாம்பாறை டாக்டர் லிஸம்மா:
வாந்தி எடுக்க வைக்காதே.
உப்புத் தண்ணீர் ஊற்றாதே, பாலும் வேண்டாம்.
வெதுவெதுப்பான நீர், துளி சோப்பு,
காலையும் வயிற்றையும் கழுவித் துடைத்துத்
துணியில் சுற்றிக்கொண்டு வா.
அந்த பாட்டிலையும் எடுத்து வா.

தண்ணீரைக் கண்டால் அலமாரிமேல் ஏறுபவள்
அன்று எதிர்க்கவே இல்லை.
ஒரு கீறலாவது போட்டிருக்கலாம்.

பொள்ளாச்சி தூரம், கேரளம் பக்கம்.
பைக்கின் பின்னால் கனகமணி,
அவள் மடியில் தக்காளிக் கூடை.
சாவடியில் இரவுப் பணிக்கு மயில்சாமி.
வண்டியைப் பார்த்ததும் பழக்கத்தில் குழலைத் தூக்கினான்.
"அடிக்காதே!" என்று நான் கத்திய கத்தலில்
கள்ளுக்கடையிலிருந்து நடந்து வந்த இரண்டு பேர்
கையை மேலே தூக்கி நின்றுவிட்டார்கள்.
"ரூல்ஸ்ங்கண்ணா" என்று ஆரம்பித்தவன்
கூடைக்குள் பார்த்தான்.
குழலைக் கீழே வைத்தான்.
என் டயர்கள் அன்று
அழுக்கோடு மாநிலம் கடந்தன.

"எந்தா கழிச்சது?" என்றார் டாக்டர்.
"காலையிலேருந்து கழியவே இல்லீங்க" என்றேன்.
இருபது வருஷம் எல்லையில் இருப்பவனுக்கு
அங்கே கழிப்பதென்றால் தின்பதென்று தெரியாதா?
தெரியும்.
அந்த நிமிஷம் என்னிடம் தமிழ் மட்டும்தான் மிச்சம்,
அதிலும் பாதி.

பாட்டிலை நீட்டினேன்.
லேபிளை விளக்கில் சாய்த்துப் படித்தார்.
"நம்ம ஈரல் இதை எப்படியாவது உடைச்சிடும்.
பூனைக்கு அந்தச் சாவி கிடையாது.
நக்கிச் சுத்தமா இருக்கிற ஜாதி வேற."
முன்னங்காலில் கட்டைவிரல் அகலம் மழித்து
ஊசி ஏற்றினார்.
சொட்டு. சொட்டு.
வண்டிகளை எண்ணிப் பழகியவன்
சொட்டுகளை எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டில் தூங்கிவிட்டேன் போல.

கனகமணி உலுக்கியபோது
பனைகளுக்குப் பின்னால் வெளுத்திருந்தது.
கணவாய்க் காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டது.
தக்காளிக் கூடையில்
ரசீது ஒன்றுக்குப் போயிருந்தாள்.
மூக்கைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை.
டாக்டர் எட்டிப் பார்த்து
"கழிஞ்சு" என்றார்.
இரண்டு மொழியிலும் அது சரியாக இருந்தது.

இப்போது என் பேன்ட்
வெளியே முருங்கைக் கிளையில் தொங்குகிறது.
முழங்கால் வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான்
படியேறுகிறேன்.
என்ன, மலைக்கு மாலை போட்டிருக்கீங்களா என்கிறார்
எதிர்வீட்டுக்காரர்.

வாசலில் ரசீது உட்கார்ந்திருக்கிறாள்,
மழித்த இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை.
என் பாதத்தை முகர்கிறாள்,
ஒவ்வொரு விரலாக,
அவசரமே இல்லாமல்.
ரோட்டில் கோழி வண்டி ஹாரன் அடிக்கிறது.
அவள் தலையைத் திருப்பும்வரை
நான் நகர்வதில்லை.